அத்தியாயம் 7: கருவி கேட்கும் காற்றும் கொம்பிரசர் தரும் காற்றும்

வீட்டு வளவில் கார் வேலை பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கொம்பிரசரைத்தான் முதலில் வாங்குகிறார்கள். தாங்கி எவ்வளவு பெரிது, எத்தனை எச்.பி., என்ன விலை என்று கடையில் மூன்று கேள்வி கேட்டு முடித்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் இம்பக்ட் கன் ஒன்றை வாங்கி வந்து மாட்டுவார்கள். முதல் இரண்டு நட் கழரும். மூன்றாவதில் கன் சத்தம் போடும், நட் அசையாது. கன்னும் நல்ல சாமான், கொம்பிரசரும் நல்ல சாமான், ஆனால் அந்தக் கன்னுக்கு அந்தக் கொம்பிரசர் போதாது. ஆகவே வாங்கும் வரிசையைத் திருப்புங்கள். என்ன வேலை செய்யப் போகிறீர்கள், அதற்கு என்ன கருவி, அந்தக் கருவி நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைக் குடிக்கும் என்று பார்த்துவிட்டு, கொம்பிரசரைக் கடைசியாகத் தெரிவு செய்யுங்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தேவை கூடியிருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கைக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடமும் இருந்த காரைப் பேணி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இறக்குமதி திறந்த பிறகும் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை. அதனால் பழைய ஓல்டோவும் விட்ஸும் சன்னியும் இன்னும் எங்கள் ஒழுங்கைகளில் ஓடுகின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் வாவியின் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் ஆட்கள் மேற்கே படுவான்கரைக்குக் காரிலேயே போய் வருகிறார்கள். அங்குள்ள கிறவல் பாதையில் போய் வந்த காரின் சக்கர நட்டுகளில் சேறு இறுகி, அதன்மேல் உப்புக்காற்றுத் துரு ஏறினால், கைச் சாவியால் கழற்றுவது தோள்மூட்டுக்கு ஆகாத வேலை.

இரண்டு எண்கள்

காற்றுக் கருவி ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று அழுத்தம். அதைப் பார் அல்லது பி.எஸ்.ஐ. என்று எழுதுவார்கள். கார் வேலைக்கான கருவிகள் அநேகமாக எல்லாமே 90 பி.எஸ்.ஐ., அதாவது 6.2 பார் கேட்கும். சந்தையிலுள்ள சிறிய கொம்பிரசர்கூட 8 பார் வரை ஏற்றும் என்பதால் அழுத்தத்தில் பிரச்சினை வருவது குறைவு. மற்ற எண்தான் ஆளைக் கவிழ்ப்பது. நிமிடத்துக்கு எவ்வளவு காற்று என்பதே அது. பெட்டியில் சி.எப்.எம். என்றோ, நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்றோ இருக்கும். ஒரு சி.எப்.எம். என்பது ஏறத்தாழ 28 லீற்றர்.

கொம்பிரசரின் பெட்டியில் போட்டிருக்கும் லீற்றர் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் இழுக்கும் காற்றின் அளவு. சூடாகி, வால்வில் கசிந்து, 6, 7 பார் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளிய பிறகு வெளியே வருவது அதைவிட நன்றாகக் குறைவு. 2 எச்.பி. நேரடிச் சுழற்சி கொம்பிரசர் ஒன்றின் பெட்டியில் 200 லீற்றர் என்று இருந்தால், வேலை அழுத்தத்தில் கையில் கிடைப்பது 110 முதல் 130 லீற்றர் வரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது நாலு, நாலரை சி.எப்.எம். நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டு எண்ணையும் தனித்தனியே போடுவார்கள். ஒரே ஒரு எண் மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தால் அது பெரிய எண்ணாகத்தான் இருக்கும்.

கருவியின் பெட்டியிலும் இதே சிக்கல் மறுபக்கமாக இருக்கிறது. அரை அங்குல இம்பக்ட் கன்னின் பெட்டியில் 4 அல்லது 5 சி.எப்.எம். என்று எழுதியிருப்பார்கள். கன்னை நிமிடத்தில் 15 செக்கன் மட்டும் அழுத்துவீர்கள், மிச்ச நேரம் கையில் சும்மா வைத்திருப்பீர்கள் என்று வைத்துப் போட்ட சராசரி அது. விசையை அழுத்தியிருக்கும் நேரத்தில் அதே கன் 16 முதல் 20 சி.எப்.எம். வரை குடிக்கும். செக்கனுக்கு எட்டரை லீற்றர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு சக்கரம், நாலு நட்

இனிக் கணக்கைச் செய்து பார்ப்போம். பள்ளியில் படித்த பொயில் விதி போதும். தாங்கியின் லீற்றரை அழுத்த வித்தியாசத்தால் பெருக்கினால், அந்த இடைவெளியில் வெளியே எடுக்கக்கூடிய காற்று வரும். 24 லீற்றர் தாங்கி 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது 48 லீற்றர் காற்று தரும். கன் செக்கனுக்கு எட்டரை லீற்றர் குடித்தால் ஆறு செக்கன்கூட நிற்காது. துருவேறிய நட் ஒன்று இளகி முழுதாகக் கழர இரண்டு, மூன்று செக்கன் எடுக்கும். ஆக இரண்டு நட். மேலே சொன்ன ஆள் மூன்றாவது நட்டில் நின்ற காரணம் இதுதான்.

50 லீற்றர் தாங்கியில் அதே 2 பார் இறக்கம் 100 லீற்றர் தரும். கிட்டத்தட்ட 12 செக்கன். ஓல்டோ, வெகன் ஆர், விட்ஸ், அக்சியோ எல்லாவற்றுக்கும் சக்கரத்துக்கு நாலு நட்தான். ஒரு சக்கரம் முழுதாகக் கழன்றுவிடும். பிறகு கொம்பிரசர் தானாக ஓடத் தொடங்கி, நிமிடத்துக்கு 120 லீற்றர் வீதம் அந்த 100 லீற்றரைத் திரும்ப ஏற்ற 50 செக்கன் எடுக்கும். கழற்றிய சக்கரத்தை இழுத்து ஓரத்தில் சாய்த்துவிட்டு அடுத்ததற்கு வர அந்த நேரம் சரியாக இருக்கும். வீட்டு வேலைக்கு 2 எச்.பி.யும் 50 லீற்றரும் நல்ல சோடி என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஹையேஸ் வைத்திருப்பவர்களுக்குச் சக்கரத்துக்கு ஆறு நட். அவர்கள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் ஒருதரம் காத்திருக்க வேண்டி வரும். பொறுமை இருந்தால் அதுவும் பாதகமில்லை.

தாங்கி பெரிதாக இருந்தால் காற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. வீட்டின் மேல்தாங்கி பெரிதாக இருப்பதால் கிணற்றுப் பம்பு கூடுதல் தண்ணீர் இறைத்துவிடாது. முதல் வாளிகள் வேகமாக நிறையும், அவ்வளவுதான். விட்டுவிட்டு அழுத்தும் கருவிக்குத் தாங்கி உதவும். தொடர்ந்து ஓடும் கருவிக்குப் பம்பு தரும் அளவு மட்டுமே உதவும்.

கடையிலேயே அளப்பது

காத்தான்குடிப் பிரதான வீதியிலோ மட்டக்களப்பு நகரிலோ வாங்கும்போது, பெட்டியைப் படிப்பதோடு நிற்காமல் ஓடவிட்டுப் பாருங்கள். "நானா, இத ஒருக்கா ஓடவிட்டுக் காட்டுங்களன்" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. வெளிவால்வை மூடிவிட்டு, கேஜ் முள் 5 பாரைத் தொடும்போது கைபேசியில் நேரத்தைத் தொடங்கி, 8 பாரில் நிறுத்துங்கள். 50 லீற்றர் தாங்கியில் அந்த 3 பார் என்பது 150 லீற்றர் காற்று. அதற்கு 75 செக்கன் எடுத்தால் நிமிடத்துக்கு 120 லீற்றர். 100 செக்கன் எடுத்தால் 90 லீற்றர்தான். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வரப்போவது இந்த எண். ஒரே விலையில் இரண்டு மொடல் இருந்தால் இரண்டையும் இப்படி அளந்து வேகமானதை எடுங்கள்.

அளக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். 8 பாரில் மோட்டர் நின்றதும் 'ஸ்ஸ்' என்று ஒரு சிறு காற்றுச் சத்தம் வந்து அடங்க வேண்டும். பம்பின் தலையில் தங்கிய அழுத்தத்தை அழுத்தச் சுவிட்ச் வெளியே விடுகிற சத்தம் அது. அது வராத மெஷினில் மோட்டர் அடுத்த தடவை அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தொடங்கத் திணறும், கொஞ்ச நாளில் எரியும். சத்தம் நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால் தாங்கிக்குப் போகும் ஒருவழி வால்வு பழுது.

மற்றக் கருவிகள்

ரயருக்குக் காற்று அடிக்க எந்தக் கொம்பிரசரும் போதும். 24 லீற்றர் சிறிய மெஷினே ஒரு வெற்று ரயரை 32 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவந்துவிடும். எயர் ரட்செட் அழுத்தும்போது கன்னைவிடக் குறைவாகக் குடிக்கும், விட்டுவிட்டுத்தான் அழுத்துவோம் என்பதால் 2 எச்.பி.யில் தாராளமாக ஓடும். எயர் பில்டர், ரேடியேற்றர் ஊதும் கன் பார்ப்பதற்குச் சின்னச் சாமான். ஆனால் திறந்தபடி விட்டால் தாங்கியைச் சட்டென்று காலியாக்கும், தட்டித் தட்டி ஊதுங்கள். பிரேக் டிரம்மை மட்டும் காற்றால் ஊதவே வேண்டாம். பழைய லைனிங் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

தேய்க்கும் சாண்டரும் டை கிரைண்டரும் வேறு சாதி. இவற்றை விட்டுவிட்டு அழுத்த முடியாது, மட்கார்டு ஒன்றைத் தேய்க்கத் தொடங்கினால் நிமிடக்கணக்கில் ஓட வேண்டும். சாண்டர் 12 சி.எப்.எம்., அதாவது 340 லீற்றர் கேட்கும்போது உங்கள் மெஷின் தருவது 120. மூன்றில் ஒரு பங்கு. வேலை செய்யும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பு. இதற்கிடையில் கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும். சிறிய மெஷின்கள் பாதி நேரம் ஓட, பாதி நேரம் ஆற என்றே செய்யப்பட்டவை. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாத நடுப்பகலில் இப்படி ஓட்டினால் வெப்பக் காப்பு மோட்டரை நிறுத்திவிடும். நிறுத்தினால் நல்ல காலம். தேய்க்கும் வேலைக்கு மின்சாரச் சாண்டரையே வாங்குங்கள், விலையும் குறைவு.

பெயின்ட் அடிக்கும் கன்னில் இரண்டு வகை. எச்.வி.எல்.பி. கன் 10 முதல் 14 சி.எப்.எம். வரை கேட்கும், அது வீட்டுக்குச் சரிவராது. எல்.வி.எல்.பி. கன் நாலு, ஐந்து சி.எப்.எம்.மில் வேலை செய்யும். அதை வைத்து ஒரு கதவு, ஒரு பம்பர் அடிக்கலாம். முழுக் காரையும் அடிக்க ஆசைப்படாதீர்கள். அந்த வேலைக்குக் கராஜில் பெல்ட் போட்ட பெரிய கொம்பிரசரும் தூசியில்லாத அறையும் இருக்கின்றன, காசு கொடுத்துச் செய்விப்பதே மலிவு.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். உங்கள் தேவை சக்கரம் கழற்றுவது மட்டுமென்றால், கொம்பிரசரே தேவையில்லை. பற்றரியில் ஓடும் இம்பக்ட் கன்கள் இப்போது நன்றாக வந்துவிட்டன. வழியில் பஞ்சரானால் காரிலேயே கொண்டுபோகலாம். ரயர் காற்று, ஊதுவது, ரட்செட், கொஞ்சம் பெயின்ட் என்று நாலைந்து வேலை இருப்பவருக்குத்தான் கொம்பிரசர் வாங்கிய காசுக்கு உழைக்கும்.

ஹோஸும் வயரும்

சரியான கொம்பிரசரும் சரியான கன்னும் இருந்தும் பலம் வராத இடங்களில் முதலில் ஹோஸைப் பாருங்கள். கொம்பிரசரோடு இலவசமாக வரும் சுருள் ஹோஸின் உள் விட்டம் பெரும்பாலும் 5, 6 மில்லிமீற்றர். ரயருக்குக் காற்று அடிக்க அது போதும். இம்பக்ட் கன் செக்கனுக்கு எட்டரை லீற்றர் இழுக்கும்போது அந்த ஒடுக்கமான துளையில் அழுத்தம் கணிசமாக விழுந்துவிடும். கேஜில் 8 பார் காட்டும், கன்னின் வாயில் 5கூட இருக்காது. 10 மில்லிமீற்றர் உள் விட்டமுள்ள ரப்பர் ஹோஸ் 10 மீற்றர் வாங்குங்கள். ரெகுலேட்டரை, கன்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே 6.2 பாருக்குச் சரிசெய்யுங்கள். சும்மா இருக்கும்போது பார்த்த எண் வேலை செய்யும்போது நிற்காது. இணைப்பிகளில் ஜப்பானிய நிட்டோ வகையும் அமெரிக்க வகையும் ஒன்றுக்கொன்று பூட்டாது. ஒரே வகையாக எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள்.

கார் நிற்கும் இடம் வீட்டிலிருந்து தூரமென்றால் நீளமான வயர் இழுப்பதைவிட நீளமான ஹோஸ் இழுப்பதே புத்தி. 2 எச்.பி. மோட்டர் 230 வோல்டில் ஓடும்போது 9, 10 அம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்டேஜ் விழுந்து, மோட்டர் 'ம்ம்ம்' என்று முனகியபடி சுழலாமல் நிற்கும். அப்படி முனகினால் உடனே நிறுத்துங்கள், சில செக்கனில் சுற்று எரிந்துவிடும். வயர் இழுத்தே ஆகவேண்டுமானால் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், சுருளை முழுதாக விரித்து. 3 எச்.பி. மெஷின் ஏறத்தாழ 14 அம்பியர் இழுக்கும். அதை 13 அம்பியர் பிளக்கில் மாட்டக்கூடாது. மின்பெட்டியிலிருந்து அதற்கென்றே தனி வயரும் பிரேக்கரும் போட்டுத் தரச் சொல்லி மின்வினைஞரைப் பிடியுங்கள். மண் இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் சரியாக வேலை செய்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். எங்கள் வளவுகளில் மாரியில் நிலம் நாள்கணக்காக ஈரமாகவே கிடக்கும்.

தண்ணீர், உப்பு, மணல்

ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல் நிலம். கொம்பிரசருக்கு இதைவிடக் கடினமான ஊர் கிடைப்பது அரிது. காற்றில் உள்ள ஈரம் தாங்கிக்குள் தண்ணீராக மாறும். எவ்வளவு என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். 30 பாகை வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீற்றர் காற்றில் 24 கிராம் தண்ணீர் ஆவியாக நிற்கிறது. அதை 8 பாருக்கு அமுக்கி மீண்டும் ஆறவிட்டால், மூன்று, நாலு கிராம் போக மீதி 20 கிராம் அளவு தண்ணீராக இறங்கிவிடும். நிமிடத்துக்கு 120 லீற்றர் தரும் மெஷின் ஒரு மணிநேரம் ஓடினால் 7 கன மீற்றருக்கு மேல். ஆக 150 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு தேநீர்க் குவளை நிறைய. அதில் பெரும்பகுதி தாங்கியின் அடியில் கிடக்கும். மிச்சம் ஹோஸ் வழியே கன்னுக்குள்ளும், பெயின்ட் அடித்தால் பெயின்டுக்குள்ளும் போகும்.

தாங்கியின் அடியில் ஒரு சிறிய திருகு வால்வு உண்டு. வேலை முடிந்த ஒவ்வொரு நாளும், தாங்கியில் ஒன்றிரண்டு பார் இருக்கும்போதே அதைத் திறந்து தண்ணீரை ஊதவிடுங்கள். செங்கல் நிறத்தில் வந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது என்று பொருள். திறந்தபடியே விட்டு மெஷினை அடுத்த வேலைவரை வையுங்கள். தாங்கியிலிருந்து வெளியே வரும் இடத்தில் தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஒன்று மாட்டுங்கள். பெயின்ட் அடிப்பவர் இன்னொன்றைக் கன்னுக்குப் பக்கத்தில், ஹோஸின் முடிவில் மாட்ட வேண்டும். ஹோஸில் போகும்போது காற்று மேலும் ஆறி அங்கேதான் தண்ணீர் விடும்.

கன்னுக்குள்ளே இருக்கும் சிறு தகடுகளை இந்த ஈரம் ஒட்டவைத்துவிடும். வேலைக்கு முன்னும் பின்னும் காற்று நுழையும் துளையில் எயர் டூல் எண்ணெய் இரண்டு, மூன்று துளி விட்டு ஒரு செக்கன் ஓட்டுங்கள். தடித்த எஞ்சின் ஒயில் அதற்கு ஆகாது. கச்சான் காலத்தில் மணலும் தூசியும் பறக்கும் என்பதால் கொம்பிரசரின் இழுவாய்ப் பில்டரை வாரத்துக்கு ஒருதரம் கழற்றித் தட்டுங்கள். அது அடைபட்டால் நீங்கள் கடையில் அளந்த 120 லீற்றர் வீட்டில் கிடைக்காது. மெஷினைக் கடல்பக்கம் திறந்த கொட்டிலில் வைக்காமல், சுவர் மறைவில், பலகை மேல் வைத்துத் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறையால் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கும்.

மணல் நிலத்தில் ஜாக் வைப்பதைப் பற்றி 3ஆம் அத்தியாயத்தில் எழுதியதை இங்கேயும் நினைவூட்டுகிறேன். ஜாக்கின் அடியிலும் தாங்கு நிலையின் அடியிலும் தடித்த மரப்பலகை இல்லாமல் காரைத் தூக்க வேண்டாம். இம்பக்ட் கன்னின் அதிர்வு, மணலில் நிற்கும் ஜாக்கை மெல்ல மெல்லச் சரித்துவிடும். நட்டுகளை முதலில் இளக்குவதும் கடைசியாக இறுக்குவதும் சக்கரம் தரையில் இருக்கும்போதே.

இறுக்கும் வேலையைக் கன்னிடம் முழுதாக விடாதீர்கள். கையால் சில சுற்று ஓட்டி, கன்னால் மெதுவாகச் சேர்த்து, மிச்சத்தை டோர்க் ரென்ச்சால் முடியுங்கள். டொயோட்டாக் கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், சுசுகியின் சிறு கார்கள் பலவற்றுக்கு 85. உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணே கடைசி வார்த்தை. கன்னில் போடும் சொக்கெட் கறுப்பு நிற இம்பக்ட் சொக்கெட்டாக இருக்க வேண்டும். பளபளக்கும் குரோம் சொக்கெட் அடிவாங்கி வெடித்தால் துண்டு கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடியும் காதடைப்பும் போடாமல் விசையைத் தொடாதீர்கள்.

பழைய சாமான் வாங்குவோருக்கு

கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் ஜப்பானில் பாவித்த கொம்பிரசர்களும் கருவிகளும் எங்கள் பக்கம் வருகின்றன. காற்றுக் கருவிகளைத் தயங்காமல் வாங்கலாம், அவற்றில் பல நல்லவை. கொம்பிரசரை வாங்குமுன் தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த மெஷினை எங்கள் 230 வோல்டில் நேரே மாட்டினால் அங்கேயே எரிந்துவிடும். தகுந்த பெரிய டிரான்ஸ்போமர் வாங்கப் போனால், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

பழைய தாங்கியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பெயின்ட் குமிழாக எழும்பியிருந்தால், வெல்டிங் ஒட்டு இருந்தால், அடிவால்வைத் திறக்கும்போது துருச் செதில் வந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பாவித்த காஸ் சிலிண்டரில் துளை போட்டுத் தாங்கியாக்கி, குளிர்சாதனப் பெட்டியின் மோட்டரைப் பூட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்பு வால்வும் தண்ணீர் வெளியேறும் வழியும் இல்லாத அந்தத் தாங்கி உள்ளே எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. பிள்ளைகள் ஓடித் திரியும் வளவுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். வாங்கிய மெஷின் எதுவானாலும், பாதுகாப்பு வால்வின் வளையத்தை மாதம் ஒருதரம் இழுத்துப் பாருங்கள். காற்று சீறி வந்து, விட்டதும் நிற்க வேண்டும். சீறாவிட்டால், புது வால்வு மாட்டும்வரை மெஷினை ஓட்டாதீர்கள்.